கண்காட்சியில் விற்க எதுவுமில்லாத அந்த ஒரு ஸ்டோல்



பதிவு கொஞ்சம் நீளம். நெல் ஆலை, தறி, பேக்கரி, மீன் வியாபாரம் என்று சிறியதோ பெரியதோ ஒரு தொழில் செய்பவர்களும், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்கும் பிள்ளைகளின் வாப்பா உம்மாமாரும் பொறுமையாக வாசித்தால் போதும்.

கொழும்பில் ஒவ்வொரு வருடமும் கைத்தொழில் கண்காட்சிகள் நடக்கின்றன. உணவு பதனிடலுக்கும் பொதியிடலுக்கும் ஒன்று, கட்டட நிர்மாணத்துக்கு ஒன்று, ஆடை இயந்திரங்களுக்கு ஒன்று என்று பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபப் பக்கம் பெனர் தொங்காத மாதம் குறைவு. நம்ம பக்கத்திலிருந்து இரவு பஸ் ஏறிப் போகிறவர்களும் நிறையப் பேர். சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைக்காரர்கள் கலர் சோட்டர் பார்க்கப் போவார்கள். மருதமுனைத் தறிக்காரர்கள் நூலும் சாயமும் பார்ப்பார்கள். பேக்கரிக்காரர்கள் அவணும் பக்கற் அடிக்கும் மெஷினும் பார்ப்பார்கள். பை நிறைய விலைப்பட்டியல்களோடு திரும்பி வருவார்கள்.

அந்தக் கண்காட்சிகள் சிலவற்றில் ஒரு மூலையில் வேறொரு ஸ்டோலும் இருக்கும். அங்கே மெஷின் ஓடாது, இலவச பிஸ்கட் கிடைக்காது. ஒரு மேசை, பின்னால் ஆங்கிலத்தில் ஒரு பெனர், மேசையில் வருடாந்த அறிக்கைகள், கதிரையில் இரண்டு பேர். ஏதோ ஒரு விஞ்ஞானச் சங்கம் தன் அங்கத்துவத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கும். நம்மவர்கள் அதைக் கடந்து போகும் வேகம் தனி. "அது படிச்ச ஆக்கள்ற விசயம்" என்று ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அந்த மண்டபத்திலே நமக்கு எதையும் விற்க வராத ஒரே ஸ்டோல் அதுதான். அதனாலேயே நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய இடமும் அதுதான். அந்தச் சங்கத்துக்காரர்களும் தாங்கள் அங்கே இருப்பதன் பெறுமதியைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஏன் என்று உதாரணத்தோடு பார்ப்போம்.

ஆலைக்காரர் ஒருவருடைய கவலை குறுணல். அரிசி அதிகம் உடைகிறது, விலை விழுகிறது. கண்காட்சிக்குப் போனால் மெஷின் கொம்பனிக்காரர் புதிய ரப்பர் ரோலரைக் காட்டுவார், புதிய பொலிஷரைக் காட்டுவார், உடைந்ததைப் பிரித்தெடுக்கும் கிரேடரைக் காட்டுவார். எல்லாமே நல்ல மெஷின்களாக இருக்கலாம். ஆனால் நெல் காயும்போதே உள்ளே வெடித்துவிட்டால் எந்த மெஷினாலும் அதை ஒட்ட முடியாது. புழுக்கிய நெல்லை ஒரே மூச்சில் கடும் சூட்டில் காயவைத்தால் மணியின் வெளிப்புறம் வேகமாக உலரும், உட்புறத்தில் ஈரம் நிற்கும். அந்த இழுபறியில் மணியில் கீறல் விழும். ஈரப்பதன் 16 - 18 வீதத்துக்கு வந்ததும் நிறுத்தி, சில மணித்தியாலம் குவித்து ஆறவிட்டு, பிறகு 14 வீதத்துக்குக் கொண்டுவந்தால் உடைவு குறையும். இதற்கு வேண்டியது ஒரு ஈரப்பதன் மானியும் கொஞ்சம் பொறுமையும். மெஷின் விற்பவர் இதைச் சொல்லக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் சொன்னால் அவருக்கு விற்பனை குறையும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருடைய தொழில் அது.

சாயத்துக்கு வாருங்கள். பருத்தி நூலுக்கு இப்போது அதிகம் போடும் ரியக்டிவ் சாயங்கள் நூலோடு இரசாயன ரீதியாகவே பிணைபவை. அதற்கு உப்பும் வேண்டும், சோடாவும் வேண்டும், நேரமும் வேண்டும். பிணையாமல் மிஞ்சிய சாயத்தைக் கொதிநீரில் சவர்க்காரம் போட்டு அலசி எடுக்காவிட்டால், வாங்கிப்போன சாறன் முதல் கழுவிலேயே மற்ற உடுப்பில் ஊறும். தண்ணீரில் கல்சியம், மக்னீசியம் கூடினாலும் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். இதே குறையைச் சாயக்கடையில் போய்ச் சொன்னால் வேறொரு பிராண்ட் பக்கற் தருவார்கள். ஓர் இரசாயனவியலாளரிடம் சொன்னால் "உங்கட கிணற்றுத் தண்ணியை ஒரு போத்தலில கொண்டு வாங்க" என்பார்.

மீனுக்கும் அதே கதைதான். சூரை வகை மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ஐஸ் பெட்டி விற்பவர் பெட்டியின் லீற்றர் கணக்கைச் சொல்வார். மீனுக்கும் ஐஸுக்கும் என்ன அளவு, தோணியிலிருந்து லொறி வரைக்கும் எத்தனை பாகையில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேறொருவர் வேண்டும்.

இன்றைய நிலைமையில் நம்ம ஊர்களின் சிறு உற்பத்தியாளர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர் யார்? மருந்து விற்பவர், சாயம் விற்பவர், உரம் விற்பவர், மெஷின் விற்பவர். வேறு ஆளில்லை. அந்த இடத்துக்குத்தான் விஞ்ஞானச் சங்கங்கள் வர வேண்டும் என்கிறோம்.

அப்படியான சங்கங்கள் நம் நாட்டுக்குப் புதியவையும் அல்ல. இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944இல் ஆரம்பிக்கப்பட்டது, சுதந்திரத்துக்கும் முந்தியது. மருத்துவம், விவசாயம், பொறியியல், உயிரியல், பௌதிக விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம் என்று அதற்குள் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இரசாயனவியலாளர்கள் 1941இலேயே ஒரு சங்கம் கட்டினார்கள், 1971இல் அது இலங்கை இரசாயனவியல் நிறுவகமாக மாறியது. பொறியியலாளர்களின் சங்கத்துக்கு 1906இலிருந்து வரலாறு உண்டு. "டெக்னோ" என்ற பெயரில் கண்காட்சியே நடத்துகிறவர்கள் அவர்கள். வடக்கில் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் 1991இலிருந்து, அந்தப் போர்க்காலத்திலும், இயங்கி வந்திருக்கிறது.

இத்தனை வருடப் பாரம்பரியம் இருந்தும் இவற்றின் அங்கத்தவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிறுவனம், அரச திணைக்களம் சார்ந்தவர்கள்தான். தொழிற்சாலை லெப்பில் நிற்கும் டெக்னீசியன், சாயப் பட்டறை மேற்பார்வையாளர், ஐஸ் தொழிற்சாலைப் பொறுப்பாளர், பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஆகியோரை அங்கே காண்பது அரிது. நட்டம் இரண்டு பக்கத்துக்கும்தான். தொழிலில் என்ன சிக்கல் இருக்கிறது என்று சங்கத்துக்குத் தெரிவதில்லை. சங்கத்தில் என்ன அறிவு இருக்கிறது என்று தொழிலுக்குத் தெரிவதில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் நிற்கும் இடம் கைத்தொழில் கண்காட்சி. அந்த மூன்று நாளை வீணாக்கலாமா?

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இரண்டு உதாரணம்.

1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு வித்திட்டது ஒரு சங்கம், கலைகளையும் கைத்தொழிலையும் வளர்க்கவென்று 1754இல் உருவான சங்கம். ஆறு மாதத்துக்குள் 60 இலட்சம் வருகைகள். செலவு போக சுமார் 186,000 பவுண் மிஞ்சியது. அந்தப் பணத்திலிருந்து பின்னாளில் புலமைப்பரிசில்கள் கொடுத்தார்கள். 1895இல் நியூசிலாந்தின் நாட்டுப்புறத்துப் பையன் ஒருவன் அந்தப் புலமைப்பரிசிலோடு கேம்பிரிஜ் போனான். அவன்தான் அணுக்கருவைக் கண்டறிந்த ஏர்னஸ்ட் ரதர்போர்ட். நம்ம உயர்தரப் பிள்ளைகள் தங்கத் தகட்டுப் பரிசோதனை என்று பாடமாக்குகிறார்களே, அந்தப் பெயரின் பின்னால் ஒரு கைத்தொழில் கண்காட்சியின் மிச்சப் பணம் இருக்கிறது.

இரண்டாவது, அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரம். அங்கே இரசாயனப் பகுப்பாய்வாளர்களின் சங்கம் ஒன்று, நிறமாலையியலாளர்களின் சங்கம் ஒன்று. இரண்டும் உள்ளூர்ச் சங்கங்கள். 1950இல் இரண்டும் சேர்ந்து ஒரு ஹோட்டலில் மாநாடும் ஆய்வுகூடக் கருவிக் கண்காட்சியும் வைத்தார்கள். இன்று பிட்கொன் என்று உலகம் முழுக்கத் தெரிந்த கண்காட்சி அது. அதில் கிடைக்கும் வருமானம் பாடசாலை ஆய்வுகூடங்கள் உட்பட விஞ்ஞானக் கல்விக்குப் போகிறது. வியாபாரிகள் கருவி விற்கிறார்கள், சங்கங்கள் அங்கத்தவரைச் சேர்க்கின்றன, பாடசாலைக்கு உபகரணம் கிடைக்கிறது. யாருக்கும் மரியாதைக் குறைவு வரவில்லை.

மரியாதை என்று ஏன் சொல்கிறோம் என்றால், "விஞ்ஞானச் சங்கம் போய்ச் சந்தையில் நின்று ஆள் பிடிப்பதா" என்று முகம் சுளிப்பவர்கள் படித்தவர்களிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதைக் கீழே சொல்கிறோம். ஆனால் சந்தைக்குப் போவது இழிவு என்றால் நம்ம ஊரில் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

சரி, அந்த ஸ்டோல் எப்படி இருக்க வேண்டும்? ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த ஒரு விடயம், பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப்போ என்பது. பெரியவர்களுக்கும் அதுவே பொருந்தும். அந்த அடிப்படையில் எங்கள் யோசனைகள்:

1. மொழி. சிங்களத்திலும் தமிழிலும் ஒரே ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம். சங்கத்தின் வரலாறு பின்பக்கத்தில் இருக்கட்டும். முன்பக்கத்தில் மூன்று கேள்விக்கு மட்டும் பதில்: யார் சேரலாம், வருடச் சந்தா எவ்வளவு, சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும். தமிழில் எழுத ஆளில்லை என்றால் சொல்லுங்கள். விஞ்ஞானம் தமிழில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம், சும்மாவே எழுதித் தருவோம்.

2. கதிரை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். முன்னுக்கு வந்து நில்லுங்கள். "எங்கட சங்கத்தில சேருங்க" என்று ஆரம்பிக்காமல் "நீங்க என்ன தொழில் செய்றீங்க, அதில என்ன கரைச்சல்" என்று கேளுங்கள். ஆலைக்காரர் ஒருவர் குறுணலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அரைமணி நேரம் நகர மாட்டார்.

3. ஒரு பரிசோதனை. தண்ணீரின் வன்மை, பீ.எச். பெறுமானம், நெல்லின் ஈரப்பதன் இவற்றையெல்லாம் ஐந்து பத்து நிமிடத்துக்குள் காட்டலாம். "உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள்" என்று கண்காட்சி விளம்பரத்திலேயே போட்டால், மெஷின் ஸ்டோலை விட அங்கே கூட்டம் நிற்கும்.

4. படிநிலை. முழு அங்கத்துவத்துக்குப் பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை சில சங்கங்களில் இருக்கும், அது நியாயம்தான். ஆனால் மாணவருக்கும் டெக்னீசியனுக்கும் என்ன வழி இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பட்டமில்லாதவர் "எனக்கு இடமில்லை" என்று நினைத்து விலகிப் போகிறார், கேட்பதற்கே வெட்கப்படுகிறார்.

5. பின்தொடர்தல். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வாங்கிவிட்டு அப்படியே மறந்துபோவது இந்த நாட்டில் ஒரு நோய். இரண்டு கிழமைக்குள் ஓர் அழைப்பு எடுத்து, அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லுங்கள். சந்தா தானாக வரும்.

6. கிழக்குக்கும் வாருங்கள். யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடக்கிறது. நம்ம பக்கத்திலும் பிரதேச செயலகங்கள் சிறுகைத்தொழில் கண்காட்சி வைக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் விஞ்ஞானப் பட்டதாரிகள் ஊரூராக இருக்கிறார்கள். ஒரு மேசையும் இரண்டு பேரும் வந்தால் போதும்.

இனி, மேலே சொன்ன அந்தப் பயம். கண்காட்சியில் ஸ்டோல் போடப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை ஒரு மெஷின் கொம்பனியோ உரக் கொம்பனியோ கொடுத்தால் என்ன ஆகும்? "எந்த மெஷின் நல்லது" என்று கேட்கும் ஆலைக்காரருக்குச் சங்கம் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாமல் போகும். விற்க எதுவுமில்லாத ஸ்டோல் என்பதுதான் அதன் பலம். அந்தப் பலத்தை விற்றுவிட்டால் அது இன்னொரு விற்பனைக் கூடம்தான். ஆகவே இடத்தைக் கண்காட்சி ஏற்பாட்டாளர் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கட்டும், அல்லது சங்கம் தன் சந்தாப் பணத்தில் சிறியதாக எடுக்கட்டும். எந்தக் கொம்பனியின் பெயரும் அந்தப் பெனரில் வேண்டாம்.

நம்ம பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது, ஒளிக்காமல் சொல்வோம். அங்கத்துவம் கிடைத்ததும் அதை அரிசிப் பக்கற்றில் அச்சடித்து "விஞ்ஞானச் சங்கம் அங்கீகரித்தது" என்று விற்க நினைப்பவர் வருவார். அங்கத்துவம் என்பது ஆளுக்கு, பொருளுக்கல்ல. பொருளின் தரத்துக்கு எஸ்.எல்.எஸ். சான்றிதழ் என்று வேறு பாதை இருக்கிறது. அதேபோல பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் போட்டுச் சுவரில் சட்டம் மாட்டுவதற்காக மட்டும் சேர்வதிலும் பலனில்லை. இவை இரண்டையும் சங்கங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு மிகவும் கவலையான விடயம், பிள்ளைகள்.

ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வரும். விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி போதாது. அப்படிப்பட்ட பிள்ளைகள் நம்ம பாடசாலைகளில் எத்தனை பேர்! இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எடுக்கிறார்கள். பிறகு பையன் கட்டார் போகிறான், பிள்ளை வீட்டோடு நிற்கிறாள். இரண்டு வருடம் இரசாயனவியல் படித்த மூளை அத்தோடு பூட்டப்படுகிறது.

இலங்கை இரசாயனவியல் நிறுவகம் 1973இலிருந்து ஆய்வுகூட டெக்னீசியன்களுக்கான பாடநெறியும், 1979இலிருந்து பட்டத்துக்குச் சமமாகக் கருதப்படும் நான்கு வருடப் பாடநெறியும் நடத்துகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டணம் உண்டு, நான்கு வருடப் படிப்பு ஆங்கிலத்தில், இடம் கொழும்புக்கு அருகில் இராஜகிரியவில். எல்லாருக்கும் சரிவராது. ஆனால் இருப்பதே தெரியாமல் ஒரு பாதையை மூடுவது பெரும் அநியாயம். ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் ஸ்டோல் நம்ம பக்கத்துக் கண்காட்சிக்கு வந்து, உயர்தர வகுப்பைக் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கே போனால், ஐம்பது பிள்ளைகளில் இரண்டு பேர் அந்தப் பாதையில் போகலாம். அந்த இரண்டு பேரும் படித்துவிட்டு வந்து வேலை செய்ய லெப் வேண்டுமே என்று கேட்பீர்கள். குறுணலால் நட்டப்படும் ஆலைக்காரரும் சாயம் ஊறி ஓடர் இழந்த தறிக்காரரும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே நம்ம ஊர் முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கண்காட்சிக்குப் போகும்போது உங்கள் பட்டறையில் வேலைசெய்யும், கொஞ்சம் படித்த ஒரு தம்பியையும் கூட்டிப்போங்கள். நீங்கள் மெஷின் பாருங்கள், அவரை அந்த மூலை ஸ்டோலுக்கு அனுப்புங்கள். அவர் சேரக்கூடிய அங்கத்துவம் இருந்தால் முதல் வருடச் சந்தாவை நீங்கள் கட்டுங்கள். இலட்சக்கணக்கில் மெஷினுக்குக் கொடுக்கும் கைக்கு அது பெரிய தொகையாக இருக்காது.

சக ஆசிரியர்களிடமும் ஒன்று. விஞ்ஞான தினத்துக்குப் பாடசாலையில் எரிமலை மொடல் செய்வதோடு நிற்காமல், பிரதேச செயலகக் கண்காட்சிக்கு ஒரு விஞ்ஞானச் சங்கத்தை அழைத்துவரும்படி அதிபர் ஊடாக ஒரு கடிதம் எழுதுவோம். கடிதம் எழுதுவதற்கு நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். ஆலைக்காரர் சங்கத்திலிருந்தும் நெசவாளர் சங்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் கையொப்பம் வைத்தால் அந்தக் கடிதத்துக்குக் கனம் கூடும்.

விருப்பமுள்ளவர்கள் பெறுபேறு வரும் வரைக்கும் காத்திராமல் இந்தக் கிழமையே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த கண்காட்சிக்கு முன்னால் கடிதம் போய்ச் சேர வேண்டும்.